மாடு முட்டவில்லை

மெர்சி, அருள், ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். ஒருத்தர் தோளுக்கு மேலே ஒருத்தர் எட்டிப் பார்த்துச் சண்டை போட வேண்டாம். அப்பா பத்தாவது வரைக்கும் படித்தவன். பட்டாளத்திலிருந்து உங்கள் அம்மாவுக்குப் போட்ட கடிதங்களைத் தவிர நீளமாக எதுவும் எழுதினதில்லை. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனால் இது என் கை எழுதுவது. போன மழைக்காலத்தில் இதே பேனாவை விரலுக்கு நடுவில் வைத்தால், அது இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நான் கழுத்துப் பட்டையோடு படுத்திருந்தபோது அருள் ஒரு கேள்வி கேட்டான். "ஏம்பா, பதினோரு வருசம் ரக்பி ஆடியிருக்க. ஒரே ஒரு வாட்டிதான் பந்த வெச்சேன்ற. மீதி நாளெல்லாம் இன்னாதான் பண்ண அங்க?"

நான் வாய் திறப்பதற்குள் மெர்சி சொன்னாள். "முட்டு குடுத்துகினு இருந்தாராண்டா."

இந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தப்பு பண்ணினவனுக்கு வக்காலத்து வாங்கினால் முட்டுக் கொடுக்கிறான் என்று போனில் கிண்டல் பண்ணுகிறீர்கள். அன்றைக்கு நீங்கள் ரெண்டு பேரும் சிரித்தீர்கள். எனக்குத் தொண்டை வலித்ததால் சிரிக்க முடியவில்லை. ஆனால் மெர்சி சொன்னது அத்தனையும் உண்மை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் வண்டிக் கதை.

நம்ம குட்டியானையில் மலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நான் லோடு அடிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். போகும்போது மளிகைச் சாமான், வரும்போது சாமை, புளி, மரவள்ளிக்கிழங்கு. அன்றைக்குப் புளி பார்த்து வாங்க வேண்டும் என்று அம்மாவும் வெள்ளிமலைக்கு வந்திருந்தாள். இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில், என் வலது கால் எதன்மேல் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பிரேக்மேலா, ஆக்சிலேட்டர்மேலா? வலி ஒன்றும் இல்லை. மரத்துப்போன மாதிரிகூட இல்லை. கால் எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டும் வரவில்லை. அதனால் குனிந்து பார்த்தேன். அடுத்த வளைவிலும் பார்த்தேன்.

"இன்னாங்க, கீழயே பாத்துகினு ஓட்டறீங்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்ல செலின். செருப்பு வழுக்குது."

"வழுக்குனா கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க. மொதல்ல வண்டிய ஓரங்கட்டுங்க."

ஓரங்கட்டினேன். செருப்பைக் கழற்றினேன். வெறுங்காலைப் பிரேக்மேல் வைத்தேன். அப்போதும் தெரியவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, புளி மூட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டு என்னை ஏற்றினாள். அன்றைக்கு அவள் அப்படிச் செய்திருக்காவிட்டால் இந்த நோட்டு இல்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு வருஷமாகச் சட்டைப் பட்டன் போடக் கஷ்டமாக இருக்கிறது. சில்லறை எண்ணும்போது கீழே கொட்டுகிறது. நடந்தால் பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். கச்சிராயபாளையம் தாண்டினபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் சொல்லல?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் என் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. இப்போது சொல்கிறேன்.

பட்டாளத்துக்குப் போகும் முன்னால் நான் கரும்பு லோடு ஏற்றுகிறவன். வெட்டின கரும்பைக் கட்டாகக் கட்டி, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கி, லாரியில் சாய்த்த ஏத்துப் பலகைமேல் ஏறிப் போட வேண்டும். பலகை ஒரு அடி அகலம்தான். வழுக்காமல் இருக்கக் குறுக்குச் சட்டம் அடித்திருப்பார்கள். கட்டோடு ஏறுகிறவன் கீழே பார்க்கக் கூடாது. பார்த்தால் கட்டு முன்னால் சரியும், ஆளும் சரிவான். முதுகு நேராக, கண் முன்னால். பலகையைப் பார்ப்பது கால்தான். சட்டம் எத்தனை கடந்தோம் என்று உள்ளங்கால் எண்ணும். எங்கள் பலகையில் ஒன்பது சட்டம். ஒன்பதாவதில் கட்டைத் தள்ளிவிட வேண்டும். நான் நாலு சீசன் ஏற்றினேன். கழுத்து தூண் மாதிரி ஆயிற்று.

பட்டாளத்தில் பயிற்சி முடிந்து முதல் யூனிட்டில் இருந்தபோது, ரக்பி டீமுக்கு ஆள் பொறுக்கினார்கள். எனக்கு அந்தப் பெயரே அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. முட்டை மாதிரி ஒரு பந்து. ஓடுகிறவர்களை எல்லாம் ஒரு பக்கம் நிறுத்தினார் கோச். என்னை ஓடவிட்டுப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ரெண்டு பேருக்கு நடுவில் என் தலையை நுழைத்துக் குனியச் சொல்லி, எதிரே மூன்று பேரைவிட்டுத் தள்ளச் சொன்னார். நான் பலகை ஏறுகிற மாதிரி முதுகை நேராக வைத்துக்கொண்டேன். கண்ணை முன்னால் வைத்துக்கொண்டேன். அவர்கள் தள்ளினார்கள். நான் நகரவில்லை. கோச் என் முதுகில் தட்டி ஏதோ சொன்னார். என் காதில் விழுந்தது "டிராப்".

டிராப் என்றால் வேண்டாம் என்று விலக்குவது. அது எனக்குத் தெரியும். சரி, ஓட வரவில்லை, அனுப்பிவிட்டார் என்று நாங்கள் தங்குகிற பேரக்குக்குப் போய் ஷூவைக் கழற்றித் துணி துவைக்க உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து பல்பீர் என்று ஒரு பஞ்சாபி ஓடி வந்தான். "எல்லாரும் உன்னத் தேடறாங்க, நீ இங்க துணி தொவச்சிகினு இருக்கியா?" என்று இந்தியில் கத்தினான். டிராப் பண்ணிவிட்டார்களே என்றேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டிராப் இல்லடா, ப்ராப்!" அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அவன் சுற்றிலும் பார்த்தான். சாய்ந்த ஒரு கொட்டகைக்கு மூங்கில் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அந்த மூங்கிலைக் காலால் உதைத்துக் காட்டினான். "இது. இதுதான் நீ."

"ஓ, முட்டு!" என்றேன்.

அன்றையிலிருந்து பதினோரு வருஷம் என் பெயர் முட்டு. வெளி டீம்காரர்கள் அதை முத்து என்று நினைத்துக்கொண்டு, "முத்து சாப், முத்து சாப்" என்பார்கள். ஆரோக்கியசாமி என்று ஒரு பெயர் எனக்கு இருப்பது சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அருள், நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஆட்டத்தில் சின்னத் தப்பு நடந்து நின்றால், மறுபடி தொடங்க ஸ்க்ரம் வைப்பார்கள். ஒரு பக்கம் எட்டுப் பேர், இன்னொரு பக்கம் எட்டுப் பேர், தலையைக் கோத்துக்கொண்டு தள்ள வேண்டும். நடுவில் பந்து உருளும். முன் வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்கிறவன் ஹூக்கர். அவன்தான் பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பான். அது பல்பீர். அவனுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு முட்டு. இடது முட்டுக்கு ஒரு தோளில்தான் பாரம், அவன் தலைக்கு ஒரு பக்கம் வெளிக்காற்று உண்டு. வலது முட்டுக்கு அது கிடையாது. அவன் தலை எதிரிகள் ரெண்டு பேருக்கு நடுவில் மாட்டியிருக்கும், ரெண்டு தோளிலும் பாரம். பின்னால் இருந்து நம்ம ஆட்களும் தள்ளுவார்கள். சட்டையில் மூன்றாம் நம்பர். அது நான்.

முட்டு நகர்ந்தால் எல்லாம் போச்சு. முட்டு நின்றால், அதை யாரும் பார்க்க மாட்டார்கள். பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சில முட்டுக்காரர்கள் தோளை முறுக்கி, எதிரியைச் சரியவைத்து, நடுவரை ஏமாற்றுவார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. என் ஆட்டம் ஒன்றே ஒன்றுதான்: நேராகப் போவது, நேராக நிற்பது. "முத்து பக்கம் தள்ளாதீங்கடா, அது செவுரு" என்று எதிர் டீம் முட்டுக்காரன் ஒருத்தன் அவன் ஆட்களிடம் சொன்னது என் காதுக்குள்ளேயே விழுந்தது. இன்றைக்கும் நினைத்தால் சுகமாக இருக்கிறது.

அந்த ஒரே ஒரு தடவை பந்து வைத்ததையும் சொல்லிவிடுகிறேன். எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அமுக்கினால் புள்ளி. நல்ல மழை. பந்து யார் கைக்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது. கோடு தாண்டித்தான் கிடந்தது. நான் அதன்மேல் விழுந்தேன். அவ்வளவுதான். எங்கள் பதினாலு பேரும் என்மேல் விழுந்தார்கள். எதிர் டீம் முட்டுக்காரன் வந்து கைகொடுத்து, "இன்னிக்கு நம்ம சாதிக்கு ஒண்ணு" என்றான். முட்டுக்காரர்களைத்தான் சாதி என்றான்.

ஸ்க்ரத்துக்குள் ஒரு பழக்கம் உண்டு. வலித்தால் சொல்லக் கூடாது. சொன்னால் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு நிற்கிற எதிரிக்குக் கேட்கும். அடுத்த தடவை அங்கேதான் தள்ளுவான். பதினோரு வருஷம் அப்படிப் பழகின வாய், செலின் கேட்டபோது எப்படித் திறக்கும்? அதனால்தான் சொல்லவில்லை. அது தப்பு. வீட்டில் யாரும் எதிரி டீம் இல்லை.

கள்ளக்குறிச்சியில் பார்த்த டாக்டர் என் முழங்காலைச் சின்னச் சுத்தியால் தட்டினார். கால் துள்ளிக் குதித்தது. நல்ல பலம் என்று நினைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. சாவியால் உள்ளங்காலைக் கீறினார். பெருவிரல் மேலே போயிற்று. பெரியவர்களுக்கு அது கீழேதான் மடங்க வேண்டுமாம். மேலே போனால், மூளையிலிருந்து காலுக்குப் போகிற வழியில் எங்கேயோ அடைப்பு என்று அர்த்தமாம். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூடினதும் நான் சாய்ந்தேன். செவுரு சாய்ந்தது. அம்மாதான் பிடித்தாள். உடனே புதுச்சேரிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக்கொடுத்தார்.

அங்கே பதிவு செய்கிற ஜன்னலில் ஒரே கூட்டம். உள்ளே இருந்தவர் கத்திக் கேட்டார். "இன்னா தொந்தரவு?"

"கழுத்துங்க. கை கால் சரியா வேல செய்யல."

"எதுனால?"

"முட்டுங்க."

"முட்டா? எப்ப முட்டுச்சு?"

"அது ஆச்சுங்க பல வருசம். பதினோரு வருசம் தொடர்ந்து."

அவர் என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தார். "பதினோரு வருசமா முட்டுச்சா? ஒங்களுக்குப் பொறுமை ஜாஸ்திங்க" என்று சீட்டை நீட்டினார். நான் படிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணலூர்பேட்டைக்காரர் ஒருவர்தான் என் கையிலிருந்ததை எட்டிப் படித்தார். "பழைய காயம், மாடு முட்டியது" என்று எழுதியிருந்தது.

"உங்க மாடுங்களா, அசலார் மாடுங்களா?" என்று கேட்டார் அவர்.

"மாடே இல்லீங்க."

"அப்ப எருமையா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வளைவில் சாவியை உருவின நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் நானும் மறுத்துப் பேசவில்லை. "அசலார் மாடுதாங்க, பஞ்சாப் மாடு" என்றேன். "அதான! ஜாதி மாடு முட்னா வேற மாரிதான் இருக்கும்" என்று அவர் தலையாட்டினார். அவருக்கு முதுகில் பிரச்சினை. தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். தன் முறை வந்தபோது, போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டு, தன்னிடம் இருந்த ரெண்டு சாத்துக்குடியில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே டாக்டரம்மா சீட்டைப் படித்தார். என்னைப் பார்த்தார். எழுந்து வந்து என் ரெண்டு காதையும் தொட்டுப் பார்த்தார். மெர்சி பணியாரம் என்று பெயர் வைத்திருக்கிறாளே, அந்தக் காதுதான். ஸ்க்ரத்தில் உரசி உரசி உள்ளே ரத்தம் கட்டி, கெட்டியாகி, மடிந்துபோன காது.

"மாடு முட்னா காது இப்பிடி ஆவாதே. நீங்க மல்யுத்தமா?"

"ரக்பிங்க, மேடம். முட்டு. ப்ராப்."

"எத்தன வருசம்?"

சொன்னேன். அவர் சீட்டில் மாடு என்ற சொல்லை அடித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். கரும்பு, பலகை, பட்டாளம், பட்டன், பிரேக், எல்லாம். அன்றைக்கு இந்தக் காது என் நோயைச் சொல்லிற்று. இனிமேல் அதைக் கிண்டல் பண்ணும்போது கொஞ்சம் மரியாதையோடு பண்ணுங்கள்.

அடுத்து ஸ்கேன். காந்தத்தால் உடம்புக்குள் படம் எடுக்கிற பெட்டி. நீளக் குழாய் மாதிரி இருக்கும். உள்ளே தலையை அசைக்காமல் படுக்க வேண்டும். டம டம என்று இரைச்சல். நிறையப் பேர் பயந்து பாதியில் வெளியே வந்துவிடுவார்களாம், கையில் ஒரு ரப்பர் உருண்டை கொடுத்து, பயமாக இருந்தால் அமுக்குங்கள் என்றார்கள். என்னைக் குழாய்க்குள் தள்ளினதும் எனக்கு என்னவோ பழைய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. தலைக்கு ரெண்டு பக்கமும் இறுக்கம். இருட்டு. என் மூச்சு எனக்கே திரும்பி வருவது. ஸ்க்ரத்துக்குள் இப்படித்தான் இருக்கும். பல்பீர் சாப்பிட்ட வெங்காய வாசனை மட்டும்தான் இல்லை.

நடுவர் மூன்று சொல் சொல்வார். நான் ஆடத் தொடங்கினபோது நாலு சொல், பிறகு மாற்றினார்கள். முதல் சொல்லுக்குக் குனிய வேண்டும். ரெண்டாவதுக்கு எதிரியின் சட்டையைப் பிடிக்க வேண்டும். மூன்றாவதுக்குச் சேர வேண்டும். அந்த மூன்றாவது சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறதே, பதினாறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, புல்லிலிருந்து பனி ஆவியாகிற சத்தம்கூடக் கேட்கும்போல ஒரு நொடி. என் வயசில் எதையாவது திரும்பக் கொடுப்பேன் என்று யாராவது சொன்னால் அந்த நொடியைத்தான் கேட்பேன். குழாய்க்குள் படுத்துக்கொண்டு அந்த நொடியை எத்தனையோ தடவை நினைத்தேன். வெளியே இழுத்தபோது, "தூங்கிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டாள் ஸ்கேன் எடுத்த பெண்.

படத்தை வைத்துக்கொண்டு டாக்டரம்மா சொன்னதை உங்களுக்கு என் வார்த்தையில் சொல்கிறேன். கழுத்தில் ஏழு எலும்பு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் வாஷர் மாதிரி வட்டு உண்டு, மேலே ரெண்டுக்கு நடுவில் மட்டும் கிடையாது. எலும்புகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய். அதில் தண்டுவடம் என்கிற நரம்புக் கயிறு இறங்குகிறது. கைக்கும் காலுக்கும் போகிற தகவல் எல்லாம் அதில்தான். எனக்கு அஞ்சாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவில் வட்டு தேய்ந்து, பின்பக்கமாகப் பிதுங்கி அந்தக் கயிற்றை நசுக்குகிறது. சொட்டுநீர்க் குழாய்மேல் ஒரு கல் உட்கார்ந்த மாதிரி. கல்லுக்குக் கீழே இருக்கிற செடிகளுக்குத் தண்ணீர் போகாது.

"ஆட்டத்தாலதான வந்துச்சு?" என்று கேட்டாள் அம்மா. ஆட்டத்தின்மேல் அவளுக்குப் பழைய கோபம்.

"இருக்கலாம்மா. தலச்சுமையும் இருக்கலாம், வயசும் இருக்கலாம். எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. எதனால வந்துச்சுன்னு நீங்க கேக்கறீங்க. ஒரு வருசமா ஏன் வரலன்னு நான் அவரக் கேக்கறேன்."

ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் நடை நின்றுபோகலாம் என்றார். கழுத்தின் முன்பக்கம் திறந்து, கெட்ட வட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு உலோகத் துண்டை வைத்து, தகடு போட்டுத் திருகுவார்களாம். இனிமேல் மோசமாகாமல் நிறுத்துவதுதான் முதல் நோக்கம், போன உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று சத்தியம் பண்ண முடியாது என்றார். நூற்றில் சிலருக்கு இன்னும் பலவீனம் ஆவதும் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. பட்டாளத்து அட்டை இருந்ததால் செலவு பற்றிய பயம் பெரிதாக இல்லை. பயம் எல்லாம் கழுத்தைப் பற்றித்தான். என்னிடம் படிப்பு இல்லை, வேகம் இல்லை, பேச்சுச் சாமர்த்தியம் இல்லை. சாப்பாடு, பெயர், மரியாதை எல்லாம் அந்தக் கழுத்து வாங்கிக் கொடுத்தது. அதைத் திறப்பதா? யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று நாள் யோசித்தேன். அந்த மூன்று நாளில் நடந்த ரெண்டு காரியம் உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது.

ஒன்று, மெர்சி. அலமாரியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, வழக்கம்போலப் பட்டனோடு மல்லுக்கு நிற்கத் தயாரானேன். பட்டன் தைத்த மாதிரியே இருந்தது. ஆனால் அழுத்தினதும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. எல்லாச் சட்டையிலும் உள்ளே பிரஸ் பட்டன் தைத்து, வெளியே பழைய பட்டனை அப்படியே அழகுக்கு வைத்திருந்தாய். எப்போது தைத்தாய் என்று கேட்டேன். "பட்டன் ஆடி மாசமே வாங்கி வெச்சாச்சு, நேத்து ராத்திரிதான் தச்சேன். நீயா சொல்லுவன்னு பாத்தேன்." என்றாய். மலையில் வண்டி நின்றதற்கு ரொம்ப முன்னாலேயே. நான் மறைத்தது ஒருத்தரிடமும் மறையவில்லை.

ரெண்டு, அருள். என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, கண்ணைக் கட்டி, விரலைத் தொட்டு, "எந்த வெரலு சொல்லு" என்று விளையாட்டு வைத்தாய். நான் சொல்லச் சொல்ல எல்லாவற்றுக்கும் "கரெக்ட்டு, கரெக்ட்டு" என்றாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அம்மா சொன்னாள், நான் சொன்னதில் பாதிக்குமேல் தப்பாம். நீ ஒவ்வொரு தடவையும் அவளை நிமிர்ந்து பார்த்தாயாம்.

அன்றைக்குச் சாயங்காலம் பல்பீர் போன் பண்ணினான். அம்மாதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவன் பேசினது இந்தி. என் காதில் விழுந்தது நம்ம ஊர்ப் பேச்சாகத்தான்.

"டேய் முட்டு, கழுத்துக்குள்ள இன்னாவோ இரும்பு வெக்கப் போறாங்களாமே?"

"யோசிச்சிகினு இருக்கேன்டா."

"பந்த இழுக்க நான் ஒரு கால தூக்கினா, என் எட முழுசும் யார் மேல? ஒன் மேலதான். பதினோரு வருசம் தொங்கினேன். ஒரு நாளாவது இன்னாடா இந்த கனம் கனக்கிறன்னு கேட்டியா?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். நீ பூரி சாப்ட்டுகினே இருந்த."

"சிரிக்காத. எல்லாருக்கும் நீ முட்டு. ஒனக்கு ஒரு முட்டு வெச்சா வெக்கமா இருக்குதா ஒனக்கு?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. "போய்ப் படுறா போ" என்று வைத்துவிட்டான். நான் அம்மாவைக் கூப்பிட்டு, பையை எடுத்து வைக்கச் சொன்னேன்.

ஆபரேஷனைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மயக்க மருந்து கொடுத்தவர் ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். ஒன்பது வரைக்கும் போகலாம் என்று நினைத்தேன். நாலைத் தாண்டவில்லை. விழித்தபோது தொண்டை புண்ணாக இருந்தது, குரல் பூனைக் குரலாக இருந்தது. முன்பக்கம் வழியாகப் போனால் சில நாள் அப்படி இருக்குமாம். சாப்பாட்டை விழுங்கக் கஷ்டம். அம்மா கஞ்சியை ஆற்றி ஆற்றி ஸ்பூனில் கொடுத்தாள். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, "பேரு ஆரோக்கியசாமின்னு வெச்சிகினு இங்க வந்து படுத்துகினு இருக்கீங்களே" என்றார். சிரிக்கப் போய் இருமல்தான் வந்தது.

மறுநாளே எழுந்து நிற்கவேண்டும் என்று உடற்பயிற்சித் தம்பி வந்தார். கழுத்தில் பட்டை. குனிய முடியாது, என் கால் எனக்குத் தெரியாது. கால் தரையில் பட்டதா இல்லையா? அந்தத் தம்பி ஒரு பக்கம் பிடித்தார். அம்மா இன்னொரு பக்கம் வந்து, என் அக்குளுக்குக் கீழே தலையைக் கொடுத்து, முதுகைச் சுற்றிக் கைபோட்டு, இடுப்புத் துணியைக் கொத்தாகப் பிடித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல்பீர் பிடிக்கிற பிடி அது. அச்சு அசல் அதேதான். ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவளுக்கு அந்தப் பிடியை யார் சொல்லிக்கொடுத்தது?

"கீழ பாக்காதீங்க. முன்னாடி பாருங்க" என்றாள்.

எழுந்தேன். மூன்று பேரும் ஜன்னல் வரைக்கும் போனோம். நான் நடுவில். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ரெண்டு பக்கமும் முட்டு.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். பட்டாணி பொறுக்குகிற பயிற்சி, துணி முறுக்குகிற பயிற்சி. விரல் முதலில் வந்தது. பேனா பிடித்தேன். அருளின் விளையாட்டில் ஒரு நாள் நான் தப்பாகச் சொன்னபோது நீ "தப்பு" என்றாய். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் தைரியம் வந்தது. கை வந்துவிட்டது. கால்தான் மிச்சம். வீட்டுத் தரையில் நன்றாகத்தான் நடக்கிறேன். ஆனால் தரை எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது. அதில் தெரிகிறதா, பழக்கத்தில் நடக்கிறேனா? எனக்கே சந்தேகம். சந்தேகத்தோடு மலையில் வண்டி ஓட்டக் கூடாது. டாக்டரம்மா சரி என்று எழுதிக்கொடுத்த பிறகும் சாவியை அம்மாவிடம் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

இனிமேல் எழுதுவதைப் படித்தால் அம்மா திட்டுவாள். திட்டட்டும். மறைக்கிறதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்.

போன வாரம் டவுன் பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் போனேன். ரோட்டை ஒட்டி ஒரு காட்டில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. பாதி ஏற்றின லாரி நின்றது. ஏற்றுகிற ஆட்கள் சாப்பிட வேப்பமர நிழலுக்குப் போயிருந்தார்கள். லாரியில் ஏத்துப் பலகை சாய்ந்திருந்தது. நம்ம காலத்துப் பலகையைவிட நீளம். எத்தனை சட்டம் என்று நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

செருப்பைக் கழற்றி வைத்தேன். தலையில் ஒன்றும் இல்லை, இனிமேல் எப்போதும் எதையும் வைக்கக் கூடாது. முதுகை நேராக்கினேன். கண்ணை எதிரே மலைமேல் வைத்தேன். ஏறினேன். பலகை வளைந்து கொடுத்தது. முதல் சட்டம் உள்ளங்காலில் குறுக்காக அழுத்திற்று. அப்புறம் ரெண்டாவது. கரும்புப் பால் காய்ந்து பிசுபிசுவென்று ஒட்டிற்று. ஒவ்வொன்றாகக் கால் எண்ணிக்கொண்டே போனது. எண்ணி முடித்தபோது லாரியின் மேல் நின்றேன். கால் சொன்ன கணக்கு பதினொன்று.

அங்கேயே திரும்பி நின்று, பலகையை மேலிருந்து கீழே கண்ணால் எண்ணினேன்.

பதினொன்று.